ஏழாம் எண்ணின் கடைசிக் குப்பி

வெந்நீர்த் தொட்டியின் சிவப்பு எண்கள் ஐம்பத்தாறு டிகிரியைத் தொட்டன, ஐம்பத்தைந்து புள்ளி எட்டுக்கு இறங்கின, மறுபடி ஐம்பத்தாறுக்கு ஏறி அங்கேயே நின்றுகொண்டன. தண்ணீர் தயார். மணி இரண்டு பத்து. லேபில் யாரும் இல்லை, எல்லாரும் செமினார் ஹாலில், நாலு மணி வரை யாரோ ஒரு டெல்லிக்காரர் பேசுகிறார், அதுவரை இந்த இடம் ரெஜினாவுக்கு மட்டும்தான். செய்யவேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. ஐஸ் பெட்டியில் நிற்கும் அந்தச் சின்னக் குப்பியை எடுக்கவேண்டும், உள்ளே இருக்கும் ஒரு மில்லி சீரத்தை, ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, இரண்டாகப் பிரிக்கவேண்டும், ஒரு பாதியை ஐஸிலேயே விட்டுவிட்டு மறுபாதியை இந்தத் தண்ணீரில் முப்பது நிமிஷம் வைக்கவேண்டும். எலிக்காய்ச்சல் கிருமியை ஆராயும் இந்த லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன் அவள். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவாள். ஆனால் இன்றைக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குப்பியின் மூடியில் கறுப்பு மார்க்கரால் ஏழு என்று எழுதியிருக்கிறது. எழுதியது அவள்தான். ரத்தம் கொடுத்தவரின் எண் அது. பெயர் எழுதக்கூடாது, எண்தான் எழுதவேண்டும், யார் ரத்தம் எவர் ரத்தம் என்று தெரியாமலிருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். நல்லவர்கள்தான் பாவம். அந்த ஏழு, பூவராகன். மொத்தம் ஒன்பது குப்பிகள் இருந்தன, எட்டு தீர்ந்துவிட்டது, இது ஒன்பதாவது.

"ஏழு இன்னும் ஒண்ணு இருக்குல்ல ரெஜினா? அதையும் முடிச்சிரு" என்று நேற்று இந்திராணி மேடம் சொன்னார். ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துப் பார்த்த விஞ்ஞானப் பத்திரிகைக்காரர்கள் அதே சீரத்தில் இன்னொரு தடவை செய்து காட்டச் சொல்கிறார்களாம். முடிச்சிரு. மேடத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை, லேபின் தலைவர் அவர், அவருக்கு எல்லாமே முடிக்கவேண்டியதுதான், பாட்டிலை முடிச்சிரு, பாக்கெட்டை முடிச்சிரு, இந்த மாசத்துக்குள்ள இதை முடிச்சிரு. அவருக்கு என்ன தெரியும்? மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீஸரை ரிப்பேர் பார்க்க வந்துகொண்டிருந்த சர்வீஸ் எஞ்சினியர் ஒருவர், ஒருநாள் ரத்தம் கொடுக்க ஆள் குறைந்தபோது நான் தர்றேங்க என்று சட்டைக் கையை மடித்தார், லேபுக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான். அந்த ஆள் இறந்து இரண்டரை வருஷம் ஆகிறது என்பதுகூட மேடத்துக்குத் தெரியுமோ என்னவோ. ஃப்ரீஸருக்கு வேறு ஆள் வருகிறான், ஃப்ரீஸர் ஓடுகிறது. அந்த ஃப்ரீஸருக்குள் மூன்றாம் தட்டில் நீல டப்பாவுக்குள் அவர் இருந்தார், உறைந்து, ஒன்பது துண்டாக, எட்டாக, ஐந்தாக, இரண்டாக. காலையில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்து ஐஸில் வைத்தபோது வெள்ளையாக இருந்தது, மெல்ல இளகி இப்போது இளமஞ்சளாக, சுத்தமாக, நல்லெண்ணெயைவிட வெளுப்பாகத் தெளிந்து நிற்கிறது. இனிமேல் திருப்பி உறைய வைத்துப் பிரயோஜனமில்லை, உருகிய சீரத்தை மறுபடி உறைய வைத்தால் வீரியம் போய்விடும் என்பது அவளே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. வீரியம் போனால் போகட்டுமே. இருக்குமே. மூடியில் ஏழு என்று இருக்குமே. மேடத்திடம் குப்பி கை தவறிக் கொட்டிவிட்டது என்று சொல்லலாம். பத்தொன்பது வருஷத்தில் ஒன்றைக்கூடக் கொட்டாதவள் சொன்னால் நம்பத்தான் செய்வார்கள்.

ஆனால் தீராவிட்டால் உறையைத் திறக்க முடியாது. அங்கேதான் மனசு போய் மாட்டிக்கொள்கிறது, காலையிலிருந்து நூறு தடவை அங்கே போய் மாட்டிக்கொண்டாயிற்று. ரத்தம் கொடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு ஃபாரம் எழுதி, தாங்களே உறையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள், உறை பீரோவுக்குள் போய்விடும். அந்த எண்ணின் கடைசிக் குப்பி தீர்ந்த அன்றைக்குத்தான் உறையைப் பிரிக்கலாம். பிரித்து, உங்கள் ரத்தம் இன்னின்ன விதத்தில் உதவியது, மிக்க நன்றி என்று அவருக்குத் தகவல் சொல்லவேண்டும். அவர் இல்லையென்றால் அவர் குறிப்பிட்டிருக்கும் ஆளுக்குச் சொல்லவேண்டும். அந்த ஃபாரத்தைத் தமிழில் எழுதியவளே ரெஜினாதான், மேடம் இங்கிலீஷில் கொடுத்ததை உட்கார்ந்து ஒரு சனிக்கிழமை முழுக்க எழுதினாள். ஒன்பதாவது கேள்வி: அவசரமென்றால் யாருக்குத் தகவல் சொல்லவேண்டும்? பத்தாவது: அவர் உங்களுக்கு என்ன உறவு? உறவா தொடர்பா என்று அரை மணி நேரம் யோசித்தது ஞாபகமிருக்கிறது. தொடர்பு என்றால் ஊர் வேறு மாதிரி நினைக்கும் என்று உறவு என்றே போட்டாள். பூவராகன் அந்த இரண்டு கேள்விக்கும் என்ன எழுதினார்? பாங்கில், இன்சூரன்ஸில், கம்பெனியில், எங்கே கேட்டாலும் அவர் எழுதும் ஒரே பெயர் செங்கமலம், உறவு அக்கா. கை தானாக எழுதும். இங்கேயும் அப்படித்தான் எழுதியிருப்பார், வேறு என்ன எழுதுவார், அதுதானே நியாயம், ஆனால் ஒருவேளை. ஒருவேளை என்ற சொல்லோடுதான் இரண்டரை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். பீரோ சாவி அவள் மேஜை இழுப்பறையில்தான் கிடக்கிறது, எத்தனை நாள் அந்தப் பீரோ முன்னால் போய் நின்றிருக்கிறாள், விதி விதி என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். விதியும் இல்லை ஒன்றும் இல்லை. பயம். குப்பியும் போய், உறைக்குள் செங்கமலம் என்று இருந்துவிட்டால் அப்புறம் அவளுக்கு என்ன மிஞ்சும்?

பிப்பெட்டை எடுத்தாள். எடுத்தது கைதான், மனசு இன்னும் பீரோ பக்கம்தான் நின்றது. அரை மில்லியை உறிஞ்சி இன்னொரு குப்பிக்கு மாற்றி, மூடி, ஏழு என்று எழுதி, பக்கத்தில் சூடு என்பதற்கு ஒரு சூ போட்டு, மிதவைப் பலகையின் ஓட்டையில் சொருகித் தண்ணீரில் விட்டாள். டைமரை முப்பதுக்கு வைத்தாள். அவ்வளவுதான், இவ்வளவு நேரம் தள்ளிப்போட்ட வேலை கால் நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இந்தச் சூட்டில் சீரத்துக்குள் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரத்தத்தில் காவல் காக்கிற புரதங்கள் உண்டு, அவை மட்டும் இந்தச் சூட்டைத் தாங்காது, அரை மணியில் செயலற்றுப் போய்விடும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், உப்பு, சர்க்கரை, கொழுப்பு, நிறம், எல்லாம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே யார் வந்தாலும் கேட்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். கம்பெனி வேனில் போய்ப் பார்த்த அன்றைக்கு அவர் முகமும் அப்படித்தான் இருந்தது, மீசை, நெற்றி வடு, இடது காதோரம் ஷேவிங்கில் விட்டுப்போன நாலு முடி, எல்லாம் இருந்தது. அதை இப்போது நினைக்கவேண்டாம். டைமர் இருபத்தெட்டு காட்டுகிறது. நினைக்கவேண்டாம் என்றால் அது வராமலா இருக்கப்போகிறது, வரட்டும், அதற்கு முன்னால் வேறு எதையாவது நினைக்கலாம்.

"என் ரத்தத்தை வெச்சு என்னங்க செய்வீங்க?" என்று கேட்டார். இதே நாற்காலி. விளக்கிச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கவேண்டும், அதனால் அவள் விளக்கினாள், மற்றவர்கள் முன்னால் மேடம், சார் என்று பேசிக்கொள்வது வழக்கம், அன்றைக்கும் அப்படியே. உங்க ரத்தத்துல காவக்காரங்க இருக்காங்க சார், எதிர்ல வர்ற எல்லார் மேலயும் கையை வெச்சு நீ யாருன்னு கேப்பாங்க, நம்ம உடம்போட செல்லுன்னா அது மேல ஒரு புரதம் வந்து உக்காந்துக்கும், இது நம்ம ஆளு, விட்டுடுன்னு சொல்லும், காவக்காரன் கையை எடுத்துடுவான். வெளியாள்னா அப்படிச் சொல்ல யாரும் இல்ல, ஓட்டை போட்டுக் கொன்னுடுவாங்க. குட்டையில இருக்கிற சாதுவான கிருமி அப்படித்தான் சாகும். ஆனா எலிக்காய்ச்சல் கிருமி கெட்டிக்காரி. அவகிட்ட அந்தப் புரதம் கிடையாது, அதைப் பிடிக்கிற கொக்கி இருக்கு. உங்க ரத்தத்துலயே மிதக்கிற அந்தப் புரதத்தைக் கொக்கியில மாட்டித் தன் மேல போத்திக்குவா. காவக்காரன் வந்து பாத்தா, அட, நம்ம ஆளு. இதைச் சொல்லும்போது கிருமியை அவள் என்று சொல்லிவிட்டது அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது. பூவராகன் சிரித்தார். சத்தமில்லாமல் தோள் குலுங்கும் சிரிப்பு. "ஆக என் சட்டையைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே வருது. வரட்டும் மேடம். அதுவும் எங்கயாவது இருக்கணும்ல." ஃபாரத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோர மேஜைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு பக்க ஃபாரம். ஐந்து நிமிஷ வேலை. கால் மணி நேரம் ஆயிற்று. என்ன சார் பரீட்சையா என்று அவள்கூடக் கிண்டல் செய்தாள். பேனாவை உதறினார், மறுபடி குனிந்தார், கடைசியில் உறைக்குள் போட்டு, பசை பக்கத்தில் இருக்க அதை விட்டுவிட்டு நாக்கால் நனைத்து ஒட்டிக் கொடுத்தார். அந்தக் கால் மணி நேரத்தில் என்ன எழுதினீர்கள்? பூவராகன் என்ற பெயரை எழுத அவ்வளவு நேரமா? சர்க்கரை உண்டா இல்லை, மஞ்சள் காமாலை உண்டா இல்லை என்று டிக் அடிக்க அவ்வளவு நேரமா? அவருக்குக் கையெழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் வரும், ஸ்பானர் பிடிக்கிற கை. அதனாலும் இருக்கலாம்.

டைமர் இருபத்தொன்று. ஃப்ரீஸர் உறுமுகிறது, காற்றாடி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை எங்கேயோ உரசுகிறது, அவர் இருந்திருந்தால் காதை வைத்துக் கேட்டுவிட்டு பேரிங் போச்சு என்பார். முதலில் உண்மையாகவே பழுதானபோது வந்தார். அப்புறம் அவள் ஃபோன் செய்யும்போதெல்லாம் வந்தார். சத்தம் போடுது சார், ஐஸ் கட்டுது சார், கதவு சரியா மூடலை சார், எத்தனை பொய், நாற்பது வயசுக்குமேல் இப்படிப் புளுக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. வந்து பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு, இப்ப சரியாயிடும் மேடம் என்பார். அந்த ஒரு திருகாணியை எத்தனை தடவைதான் முடுக்குவார். அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். பஸ் ஸ்டாப் வரை கூட நடந்து வரும்போது பேச்சு பெரும்பாலும் கம்ப்ரஸரைப் பற்றித்தான் இருக்கும், கம்ப்ரஸரைப் பற்றி அவ்வளவு பேச இருக்கிறது என்று யாருக்குத் தெரியும். சேர்ந்து இருக்கலாம் ரெஜி என்று அவர் சொன்னதும் அந்த நடையில்தான், பஸ் வந்துவிட்டது, பாதிப் பேச்சில் ஏறிவிட்டாள், ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டினாள். அக்கா பொண்ணு கல்யாணம் முடியட்டும் என்றார். இவர் ஸ்ரீமுஷ்ணத்துப் பெருமாள் பெயரை வைத்துக்கொண்டிருப்பவர், அவள் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவள், அக்காவுக்கு மெதுவாகத்தான் சொல்லவேண்டும். முடியட்டும் என்றாள். இங்கேயும் அந்தச் சொல்தான், முடியட்டும். பிரியும்போது அவள் போறேன் என்பாள், அவருக்கு அது பிடிக்காது, போறேன்னு சொல்லாத, வரேன்னு சொல்லு என்று நின்ற இடத்திலேயே நிற்பார், அவள் வரேன் என்று சொன்ன பிறகுதான் நகர்வார். சொல்லிச் சொல்லி நாக்குக்கே பழகிவிட்டது.

மூன்று நாளாக அவர் ஃபோனை எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது, அப்புறம் அடிப்பதும் நின்றுவிட்டது. யாரிடம் கேட்பாள்? யாரிடம் கேட்டாலும் நீங்க யாரு என்று திருப்பிக் கேட்பார்களே. கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் செய்தாள், கம்பெனியின் புகார் எண்ணுக்கு ஃபோன் போட்டாள், ஃப்ரீஸர் சத்தம் போடுது, பூவராகன் சாரை அனுப்புங்க. அந்தப் பெண் நல்ல பெண், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் தவறிட்டாருங்க மேடம். திங்கக்கிழமை விருத்தாசலம் பஸ்ல போறப்ப நெஞ்சுவலி. வேற ஆளை அனுப்பவா?" அனுப்புங்க என்று ரெஜினா சொன்னாள். கம்ப்ளெய்ன்ட் நம்பர் எழுதிக்கங்க என்றாள் அந்தப் பெண். எழுதிக்கொண்டாள். எட்டு இலக்கம், இப்போது கேட்டாலும் சொல்வாள். தகவல் என்பது அவளுக்கு அப்படித்தான் வந்தது, ஒரு பொய்ப் புகாருக்குப் பதிலாக, அதுவும் மூன்று நாள் கழித்து. உடம்பை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், துபாயிலிருந்து அக்காவின் மூத்த மாப்பிள்ளை வரவேண்டும் என்று, அதனால்தான் பார்க்கவாவது முடிந்தது. இல்லையென்றால் அதுவும் கிடையாது.

பதிமூன்று. தண்ணீரின்மேல் மிதவைப் பலகை லேசாகச் சுற்றுகிறது. அன்றைக்கு அவர் ஊருக்கு வேன் காலையில் ஐந்தரைக்குக் கிளம்பியது, கம்பெனியில் ஏழு பேர், எட்டாவதாக அவள். லேப் சார்பில் ஒருவர் வரவேண்டுமென்று மேடம் சொன்னதாகச் சொன்னாள், அதுவும் பொய்தான். திண்டிவனம் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது மேனேஜர் எல்லாருக்கும் நீலப்பட்டை வைத்த அடையாள அட்டையைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார், கூட்டத்தில் கம்பெனி ஆட்கள் என்று தெரியவேண்டுமாம், ஒரு பட்டை மிச்சமிருந்தது, நீங்களும் போட்டுக்கங்கம்மா, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க என்றார். போட்டுக்கொண்டாள். அந்த வீட்டு வாசலில் பங்காளிகள் நின்று வருகிறவர்களை யார் எவர் என்று விசாரித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கழுத்தைப் பார்த்தார்கள், கம்பெனிக்காரங்க, வழி விடுங்க என்றார்கள். வழி கிடைத்தது. அப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கடவுளே, சாவு வீட்டு வாசலில் சிரிப்பு. கொக்கியில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன் பாருங்கள், உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டேன். இதைச் சொல்ல அவரைத் தவிர ஆள் இல்லை. மாலையைப் போட்டுவிட்டுக் கம்பெனிக்காரர்கள் வரிசையாக இரண்டு நிமிஷம் நின்றார்கள், அவளும் நின்றாள். கம்பெனிக்காரர்கள் அழ மாட்டார்கள். தலையைக் குனிந்துகொள்வார்கள், கையைக் கட்டிக்கொள்வார்கள், முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். அவளும் வைத்துக்கொண்டாள். உள்ளே நுழைய எது உதவியதோ அதை நுழைந்தபிறகு கழற்ற முடியவில்லை, கழற்றினால் கேட்பார்கள். எதைப் போர்த்திக்கொண்டு போனாளோ அதற்குள்ளேயே நின்றுகொண்டு, ஒரு சொட்டு விடாமல், நாலு முடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போதுதான் அது நடந்தது. எல்லாரும் சொல்லாமல் நகர்ந்தார்கள், இழவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போகமாட்டார்கள், அவளுக்கும் தெரியும், எந்தக் கோவிலுக்குப் போகிறவர்களானாலும் இது தெரியும். ஆனால் அவர் நகராமல் கிடந்தார். நின்ற இடத்திலேயே நிற்பாரே, அதுபோல. வாய் தவறி, "வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஒடிசலான உடம்பு, அவருடைய அதே நெற்றி. "இங்க அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீ யாரும்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டார். எல்லாரையும் தாண்டி வந்தாயிற்று, கடைசிக் காவல் இதுதான், மேலே கையை வைத்துக் கேட்டாயிற்று. நீங்க என்று ஆரம்பிக்கவில்லை, நீ என்றார், அந்த நீ-யில் ஒரு கதவு இருந்தது, கொஞ்சமாகத் திறந்தும் இருந்தது, இன்றைக்கு வரைக்கும் ரெஜினாவால் அதை மறக்க முடியவில்லை. என்ன சொல்லியிருக்கலாம்? எத்தனையோ சொல்லியிருக்கலாம். பஸ்ஸில், குளிக்கும்போது, ஜெபத்தில் முழங்காலிட்டிருக்கும்போது எத்தனை பதில்களைத் தயார் செய்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு அவள் கை கழுத்துப் பட்டையைத்தான் தொட்டது. "கம்பெனிங்க. தெரிஞ்சவங்க" என்றாள். அக்கா தலையாட்டிவிட்டு மறுபடி அவர் முகத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கதவு சாத்திக்கொண்டது. சாத்தியது அவளேதான், வேறு யாரையும் சொல்வதற்கில்லை. அந்தத் தெரிஞ்சவங்க என்ற சொல்லை அவர் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்? அவர் உயிரோடு இருந்து, அவள் செத்து, அவள் அண்ணன் அவரிடம் நீ யார் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? சுற்றிச் சுற்றி இங்கேதான் வருகிறது. உறைக்குள் இருப்பது ஒரு பெயரில்லை, இந்தக் கேள்விக்கு அவருடைய பதில்.

டைமர் கத்தியது. திடுக்கிட்டு எழுந்தாள். அதன் பிறகு நடந்ததெல்லாம் கைவேலை, கைக்குத் தெரிந்த வேலை. உயிருள்ள சீரம் ஒரு வரிசை, சூடு கண்டது ஒரு வரிசை. இரண்டிலும் குட்டைக் கிருமி, எலிக்காய்ச்சல் கிருமி, தனித்தனியாக. உடம்புச் சூட்டில் அரை மணி. குப்பியைக் கவிழ்த்துத் தட்டி, அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் பிப்பெட்டால் எடுத்தாள், எடுத்தபிறகு குப்பியில் ஒன்றுமில்லை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். கறுப்புப் பின்னணியில் வெள்ளி நூல் இழைகள், நுனி வளைந்து, கேள்விக்குறி போல. அதனால்தான் கேள்வி கேட்பவன் என்று லத்தீனில் பெயர் வைத்திருக்கிறார்கள். சூடு கண்ட சீரத்தில் எல்லாமே நீந்தின, கேட்பார் இல்லை. உயிருள்ளதில் குட்டைக் கிருமிகள் சுருண்டு அசைவற்றுக் கிடந்தன. மனிதர் போய் இரண்டரை வருஷம், அவர் காவல்காரர்கள் இன்றைக்கும் வேலை செய்கிறார்கள், ஒன்றைக்கூட விடவில்லை. அடுத்த கண்ணாடியை வைத்தாள். எலிக்காய்ச்சல் கிருமிகள் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன, அவருடைய புரதத்தை அவருக்குள்ளிருந்தே எடுத்து மேலே போர்த்திக்கொண்டு. எண்ணவேண்டும், எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையாக இருந்தது. ஊரில் எத்தனை பேரைக் காய்ச்சலில் தள்ளிய சனியன், அதன்மேல் பொறாமைப்படலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள், பொறாமை போகவில்லை. ஒரு நூல் இழைக்குக் கிடைத்த இடம். அப்புறம் எண்ணினாள், நோட்டில் எழுதினாள், கண்ணாடிகளைக் கிருமி கொல்லும் மருந்தில் போட்டாள், கையைக் கழுவினாள். காலிக் குப்பியையும் மருந்தில்தான் போடவேண்டும். போட்டாள்.

மூன்று ஐம்பது. பீரோவைத் திறந்தாள். உறையின் மேல் ஏழு. அவர் நாக்கால் ஒட்டிய பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தைக் கத்தரித்தாள். ஃபாரம் மடித்த மடிப்பு கலையாமல் இருந்தது. பெயர், வயது, விலாசம், சர்க்கரை இல்லை, காமாலை இல்லை, எல்லாம் ஒழுங்காக, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கோட்டின்மேல் உட்கார்ந்த எழுத்து. ஒன்பதாவது கேள்விக்கு எதிரில் ரெஜினா என்றிருந்தது. பக்கத்தில் அவள் செல் நம்பர், பத்து இலக்கமும், அடித்தல் திருத்தல் இல்லாமல். அவள் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அடுத்த வரியில்தான் அந்தக் கால் மணி நேரம் முழுக்க இருந்தது. தோழி என்று எழுதி ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். தெரிந்தவர் என்று எழுதி, அதை அடித்த அடியில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. அப்புறம் ஒன்றும் எழுதாமல் பேனா முனையை வைத்துக்கொண்டே யோசித்த ஒரு மைப்பொட்டு. இடமில்லாமல் போய், ஓரத்தில் இடுக்கி, பேசுவது போலவே எழுதியிருந்தார்: நம்ம ஆளு.

செமினார் ஹால் கதவு திறந்து பேச்சுச் சத்தம் கேட்டது, வராந்தாவின் அந்தக் கோடியில்தான், வர இன்னும் கொஞ்ச நேரமாகும். ரெஜினா பதிவேட்டை எடுத்து ஏழாம் எண்ணுக்குரிய பக்கத்தைத் திறந்தாள். கடைசிக் குப்பி தீர்ந்த தேதி என்ற கட்டத்தில் தேதியை எழுதினாள். தகவல் தெரிவிக்கப்பட்டவர் என்ற கட்டத்தில் ரெஜினா என்று எழுதினாள். உறவு என்ற கட்டத்துக்கு வந்தபோது ஃபாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எழுதியிருந்ததை அப்படியே பார்த்து எழுதினாள். அடியில் கையெழுத்துப் போட்டாள். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, யார் வந்து யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று, ஆற அமர அழுதாள்.